பங்குத்தந்தை இறந்த இரவு முதல் அடுத்தவர் பொறுப்பேற்ற நாள் வரை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கத்தோலிக்கப் பங்குக்கு, அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகத்துக்கு, பெயர் இல்லை. பல பங்குகளில் திரும்பத் திரும்ப நடப்பதைச் சேர்த்து ஒரே பங்கின் கதையாக எழுதியிருக்கிறேன். சட்டம் மட்டும் உள்ளது உள்ளபடியே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1983 ஜனவரி 25 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த இலத்தீன் திருச்சபைச் சட்டத் தொகுப்பை வைத்தே ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கிறேன். அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள் அந்தத் தொகுப்பின் சட்ட எண்கள்.

நடந்தது

பெரிய பங்கு. அதன் பொறுப்புக் குருவான பங்குத்தந்தைக்கு 71 வயது. பங்கு இல்லத்தில் அவரோடு இன்னும் மூன்று குருக்கள் இருந்தார்கள். ஒருவர் மறைமாவட்டக் குரு, அதாவது பல பங்குகளுக்குத் தலைவரான ஆயரின் நேரடிப் பொறுப்பில் இருப்பவர், 34 வயது, மூன்று ஆண்டுகளாக உதவிப் பங்குத்தந்தை. அடுத்தவர் துறவற சபையைச் சேர்ந்தவர், 52 வயது. நெடுநாள் கல்லூரியில் கற்பித்தவர். எட்டு மாதங்களுக்கு முன்புதான் உதவிப் பங்குத்தந்தையாக வந்தார். மூன்றாமவர் 80 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற குரு. ஒரு காலத்தில் இதே பங்கின் பங்குத்தந்தையாக இருந்தவர். பாதிப் பங்குக்கு முதல் நற்கருணை கொடுத்தவர்.

ஒரு வியாழக்கிழமை இரவு பங்குத்தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். சனிக்கிழமை ஆலயத்தில் இரண்டு திருமணங்கள். அடுத்த வாரம் ஆலயக் கூரை வேலைக்கு ஒப்பந்தக் கையெழுத்து. மருத்துவமனை வாசலில் நின்ற பங்குப் பேரவை உறுப்பினர்கள் துக்கத்தோடு துக்கமாக ஒரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இப்போது நமக்குப் பொறுப்பு யார்?

அங்கே மூன்று பதில்கள் வந்தன. சிலர் ஓய்வுபெற்ற குருவைப் பார்த்தார்கள். அவர்தானே பெரியவர், பங்கை அறிந்தவர். சிலர் துறவற சபைக் குருவிடம், "ஃபாதர், இனி நீங்கதான் பாத்துக்கணும்" என்றார்கள். உதவியாளர்களில் அவர்தான் வயதில் மூத்தவர். மற்றவர்கள், ஆயர் யாரையாவது அனுப்பும்வரை யாருக்கும் பொறுப்பு இல்லை என்று நினைத்தார்கள். மூன்றுமே தவறு.

அன்று இரவே பொறுப்பு கைமாறிவிட்டது

பங்குத்தந்தையின் இடம் காலியானதும், இடைக்கால நிர்வாகி நியமிக்கப்படும்வரை, உதவிப் பங்குத்தந்தையே பங்கின் ஆளுகையை ஏற்க வேண்டும். உதவியாளர்கள் பலர் இருந்தால் நியமனத்தில் மூத்தவர் ஏற்பார் (541). வயதோ, குருப்பட்டம் பெற்ற ஆண்டோ இங்கே கணக்கில்லை. அந்தப் பங்குக்கு முதலில் நியமிக்கப்பட்டவர் யார் என்பதே அளவுகோல். ஆக, 34 வயதுக்காரர்தான் அந்த நிமிடம் முதல் பொறுப்பாளர். இதற்காக ஆயரிடமிருந்து தனி ஆணை வர வேண்டியதில்லை. ஆனால் இடம் காலியானதை அவர் உடனே ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். இரவோடு இரவாக அவர் ஆயரின் முதன்மைத் துணைவரான குருகுல முதல்வரை அழைத்தார்.

ஓய்வுபெற்ற குருவின் நிலை வேறு. பங்குத்தந்தை 75 வயது முடிந்ததும் பணிவிலகல் கடிதம் தர வேண்டும் என்று சட்டம் கேட்டுக்கொள்கிறது. அதை ஏற்பதா, தள்ளிவைப்பதா என்பது ஆயரின் முடிவு. ஏற்றுக்கொண்டால் அவருக்குத் தங்குமிடமும் வாழ்வாதாரமும் கிடைக்க ஆயர் வழிசெய்ய வேண்டும் (538). அவர் குருவாகவே இருக்கிறார், திருப்பலி நிறைவேற்றுகிறார், மக்கள் அவரைத் தேடி வருகிறார்கள். இந்தப் பங்கில் பொறுப்பு என்று ஒன்று மட்டும் அவருக்கு இல்லை. இதை மக்களுக்குச் சொல்வது எளிதல்ல. அன்பு வைத்த இடத்தில் சட்ட எண்ணைச் சொன்னால் அவமதிப்பாகத் தோன்றும். இந்தப் பங்கில் அந்தப் பெரியவரே வெள்ளிக்கிழமை காலைத் திருப்பலியில், "இன்றிலிருந்து எதுவானாலும் இவரைக் கேளுங்கள்" என்று இளையவரைக் காட்டிச் சொன்னார். பாதிக் குழப்பம் அதோடு தீர்ந்தது. எல்லாப் பங்குகளுக்கும் இப்படி ஒரு பெரியவர் வாய்ப்பதில்லை.

சனிக்கிழமைத் திருமணங்கள்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது. கத்தோலிக்கத் திருமணம் செல்லுபடியாக வேண்டுமென்றால், ஆயரோ பங்குத்தந்தையோ, அவர்களில் ஒருவரிடம் அதிகாரம் பெற்ற குருவோ, குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டரோ, இரண்டு சாட்சிகளுக்கு முன் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும் (1108). குரு என்பதாலேயே ஒருவர் எங்கு வேண்டுமானாலும் திருமணம் நடத்திவைக்க முடியாது. திருப்பலி வேறு, இது வேறு. அதிகாரம் இல்லாமல் நடத்தினால் பிழை சடங்கோடு நிற்பதில்லை. திருமணமே செல்லாமல் போகலாம். ஒரு தம்பதியின் வாழ்க்கை முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

அதிகாரம் கொடுக்கும் விதமும் இரண்டு. ஒரு குறிப்பிட்ட திருமணத்துக்கு மட்டும் கொடுப்பது சிறப்பு அதிகாரம்; அதை வாயால் சொன்னாலும் போதும். எல்லாத் திருமணங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது பொது அதிகாரம். அது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் (1111). நினைவூட்டலுக்காகவோ ஒழுங்குக்காகவோ வைத்த விதி அல்ல இது. எழுத்து இல்லையென்றால் அந்த அதிகாரமே இல்லை.

சனிக்கிழமை காலைத் திருமணத்தை ஓய்வுபெற்ற குரு நடத்துவதாக இருந்தது. மணமகளின் குடும்பம் கேட்டு, மறைந்த பங்குத்தந்தை இரண்டு வாரத்துக்கு முன்பே, "அந்தக் கல்யாணத்தை நீங்களே நடத்தி வையுங்க ஃபாதர்" என்று அவரிடம் சொல்லியிருந்தார். சொன்னவரே இறந்துவிட்ட பிறகு அந்த அனுமதி நிற்குமா? நிற்கும். அதிகாரம் கொடுத்தவர் தன் பொறுப்பை இழந்தாலும், வேறு நிபந்தனை போட்டிருந்தாலொழிய, கொடுத்த அதிகாரம் அழியாது (142). பெயர் சொல்லி, குறிப்பிட்ட திருமணத்துக்குக் கொடுத்ததால் வாய்மொழியே போதுமானது. இருந்தாலும் பொறுப்பேற்றிருந்த இளைய குரு மறைமாவட்ட அலுவலகத்தைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

மாலைத் திருமணம் துறவற சபைக் குருவிடம் இருந்தது. இளையவர் ஒரு வேலை செய்தார். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். தன்னுடைய நியமனக் கடிதத்தையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தன் கடிதத்தோடு ஒரு அதிகாரப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. பங்கின் எல்லைக்குள் திருமணங்களை நடத்திவைக்கும் பொது அதிகாரம் அதில் எழுத்தில் இருந்தது. மற்றவரின் கடிதத்தில், "உதவிப் பங்குத்தந்தையாக நியமிக்கிறோம்" என்ற வரி மட்டுமே. மறைமாவட்டக் குருக்களுக்கு அந்தப் பட்டியல் குருப்பட்டத்தின்போதே தரப்படுவது வழக்கம். துறவற சபையிலிருந்து பிற்பாடு வருபவருக்கு யாராவது நினைத்துக் கொடுத்தால்தான் உண்டு. இவருக்கு யாரும் நினைக்கவில்லை. மறைந்த பங்குத்தந்தை அவரிடம், "கல்யாணமெல்லாம் இனி நீங்க பாத்துக்கங்க" என்று வாயால் சொல்லியிருந்தார். அது பொது அதிகாரம். எழுத்து இல்லாததால் செல்லாது.

வெள்ளி மாலைக்குள் அந்த ஒரு திருமணத்துக்கான அனுமதியை ஆயர் அலுவலகம் எழுத்தில் கொடுத்துவிட்டது. சரி, சனிக்கிழமை தப்பித்தது. கடந்த எட்டு மாதங்களில் துறவற சபைக் குரு நடத்திவைத்த திருமணங்கள்?

திருமணப் பதிவேட்டைப் புரட்டியதில் ஏழெட்டு பதிவுகள் அவர் கையெழுத்தில் இருந்தன. அந்தத் தம்பதிகளில் சிலருக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. செய்தி வெளியே கசிந்தால் என்ன ஆகும் என்று பேரவையில் சிலர் நடுங்கினார்கள். ஆனால் சட்டம் எளிய மக்களை இப்படி நடுத்தெருவில் விடுவதில்லை. ஒரு குருவுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு சமூகமே நியாயமாக நம்பும் சூழலில், அவரிடம் இல்லாத அதிகாரத்தைத் திருச்சபையே அந்த நேரத்துக்கு வழங்குகிறது; திருமண அதிகாரத்துக்கும் இது பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது (144). ஆயரால் நியமிக்கப்பட்டு, ஞாயிறுதோறும் பீடத்தில் நிற்கும் உதவிப் பங்குத்தந்தைக்குத் திருமணம் நடத்த அதிகாரம் உண்டு என்று மக்கள் நம்புவதைவிட நியாயமான நம்பிக்கை வேறு என்ன இருக்க முடியும்?

ஆயரின் சட்ட ஆலோசகர்களும் அந்தத் திருமணங்களைச் செல்லுபடியானவையாகவே எடுத்துக்கொண்டார்கள். அதோடு நிறுத்தாமல், எந்தச் சந்தேகமும் மிஞ்சாதபடி ஒவ்வொரு திருமணத்துக்கும் தனித்தனியாக வேரிலிருந்தே செம்மையாக்கும் ஆணையை ஆயர் பிறப்பித்தார். சம்மதத்தை மறுபடி கேட்காமலே திருமணத்தைச் செல்லுபடியாக்கி, அதன் சட்ட விளைவுகளைத் தொடக்கம் முதலே ஏற்கும் வழி அது (1161). மறைமாவட்ட ஆயர் அதைத் தனித்தனி நிகழ்வுகளுக்கு வழங்கலாம் (1165). இங்கே என் கருத்து: தம்பதிகளை ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னதுதான் சரியான முடிவு. கடுமையான காரணம் இருந்தால் அவர்களுக்குத் தெரியாமலேயே ஆணை வழங்க சட்டம் இடம் தருகிறது (1164). ஆனால் பங்கில் எதுவும் ரகசியமாக நெடுநாள் இருப்பதில்லை. தன் திருமணத்தைப் பற்றித் தெருவில் கேள்விப்படுவதைவிடக் குருவின் வாயால் கேட்பது நல்லது.

யார் மேல் தவறு என்று பலர் கேட்டார்கள். துறவற சபைக் குரு தன் கடிதத்தைக் கவனித்துப் படித்திருக்கலாம். பங்குத்தந்தை ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். அவருக்கே அந்த அதிகாரம் இருந்தது. அலுவலகம் பட்டியலை இணைத்திருக்கலாம். மூன்று பேரும் மற்ற இருவரில் ஒருவர் செய்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

பணம், கையெழுத்து

கூரை ஒப்பந்தத்தில் இளைய குரு கையெழுத்திட மறுத்தார். பங்கு சட்டப்படி ஓர் உரிமை ஆள், அதாவது தன் பெயரிலேயே உரிமைகளும் கடமைகளும் கொண்ட அமைப்பு. அதன் சார்பில் நிற்பவர் பங்குத்தந்தை (515, 532). ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் (537). ஆனாலும் நிர்வாகத்தில் அது பங்குத்தந்தைக்குத் துணைநிற்கும் குழு, அவருக்குப் பதிலாக நிற்கும் குழு அல்ல. வழக்கத்தை மீறிய பெரிய செலவுக்கு ஆயரின் எழுத்துமூல அனுமதி தனியாக வேண்டும் (1281). ஊழியர் சம்பளமும் மின்கட்டணமும் தடையின்றிப் போயின, ஒப்பந்தம் காத்திருந்தது. மழைக்காலம் வருகிறதே என்று சிலர் கோபப்பட்டார்கள். இருந்தும் சில வாரங்களுக்கு மட்டும் பொறுப்பில் இருப்பவர் பல ஆண்டுகளுக்கான கடனில் பங்கைக் கட்டிப்போடாதது நல்லதே.

இரண்டாம் வாரம் பக்கத்துப் பங்கின் குருவை ஆயர் இடைக்கால நிர்வாகியாக நியமித்தார். ஆயர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் நிர்வாகிக்குப் பங்குத்தந்தையின் எல்லா உரிமைகளும் கடமைகளும் உண்டு. பங்குத்தந்தையின் உரிமைக்கோ பங்கின் சொத்துக்கோ பாதகமான எதையும் அவர் செய்யக்கூடாது. பணி முடிந்ததும் புதிய பங்குத்தந்தையிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் (540). கணக்கு என்றதும் பணம்தான் நினைவுக்கு வரும். திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளும் அதற்கு இணையாக முக்கியம் (535).

மனு

மூன்றாம் வாரம் மனு எழுந்தது. துறவற சபைக் குருவையே பங்குத்தந்தையாக்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நல்ல மறையுரையாளர், நோயாளிகளை வீடுவீடாகப் பார்ப்பவர், ஆசை புரிகிறது. இன்னொரு கூட்டம் இளையவருக்காகக் கையெழுத்து வாங்கியது. இரு கூட்டமும் கோயில் வாசலில் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போனது.

பங்குத்தந்தை பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்பது மறைமாவட்ட ஆயரின் சுதந்திரமான முடிவு. முன்மொழியவோ தேர்ந்தெடுக்கவோ வேறு யாருக்காவது உரிமை இருந்தால் மட்டும் விலக்கு (523). சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதிகளில் சில இடங்களில் பங்கு மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மற்றபடி உலகின் பெரும்பாலான பங்குகளில் அப்படி இல்லை. துறவற சபைக் குருவுக்கு இன்னொரு படியும் உண்டு: அவருடைய சபைத் தலைவர் முன்மொழிய வேண்டும், அல்லது குறைந்தது சம்மதிக்க வேண்டும், ஆயரோ சபைத் தலைவரோ மற்றவருக்குத் தெரிவித்துவிட்டு அவரைப் பணியிலிருந்து எடுக்கலாம், மற்றவரின் சம்மதம் தேவையில்லை (682). மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் சபைத் தலைவரை நினைக்கவேயில்லை.

அதற்காக மனு எழுதியதே தவறு என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தங்கள் தேவைகளையும் கருத்தையும் மேய்ப்பர்களிடம் சொல்ல இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளை கடமையும் உண்டு (212). ஆயரும் வெறுமனே ஒரு பெயரை எடுத்துவிட முடியாது. ஆட்களைப் பார்த்துச் சலுகை காட்டாமல், அந்தப் பங்குக்குத் தகுதியானவரை அவர் தேட வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் பங்குகளின் தொகுதியைக் கவனிக்கும் மறைவட்ட முதன்மைக் குருவைக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் சில குருக்களையும் பொதுநிலையினரையும் கேட்க வேண்டும் (524). தேர்வு வைத்துத் தகுதியைச் சோதிக்கவும் வழி உண்டு (521). திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 16ஆம் நூற்றாண்டில் பங்குத்தந்தையரைத் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் நீட்சி அது.

மனுவில், "இவர் வேண்டும்" என்ற வரியை எடுத்துவிட்டு, "எங்கள் பங்கில் இத்தனை முதியோர் தனியாக இருக்கிறார்கள், இளைஞர் மறைக்கல்வி இரண்டு ஆண்டாக நின்றுபோயிருக்கிறது, இதற்கு ஏற்ற ஒருவரைத் தாருங்கள்" என்று எழுதியிருந்தால் ஆயரின் கையில் அது பயனுள்ள காகிதமாக இருந்திருக்கும். நிர்வாகி பேரவையைக் கூட்டி அப்படி ஒரு கடிதத்தைத் தயாரிக்கச் செய்தார். முதல் மனுக்கள் இரண்டுக்கும் ஆயர் இல்லத்திலிருந்து பதில் வரவேயில்லை. கிடைத்தது என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை இருந்திருக்கும்? அந்த மௌனம் கூட்டங்களை இன்னும் கொதிக்க வைத்தது.

கடிதத்தின் தேதியும் பொறுப்பேற்ற தேதியும்

ஐந்தாம் மாதம் நியமனம் வந்தது. வெளியிலிருந்து ஒரு மறைமாவட்டக் குரு. கடிதத்தில் ஆறு ஆண்டுகள் என்று காலம் குறிக்கப்பட்டிருந்தது. பங்குத்தந்தை நிலையாக இருக்க வேண்டும், காலவரையின்றி நியமிக்கப்பட வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. நாட்டின் ஆயர்கள் சேர்ந்த ஆயர் பேரவை ஆணையாக ஏற்றிருந்தால் மட்டுமே காலம் குறிக்கலாம் (522). பழைய 1917 தொகுப்பில் அகற்ற முடியாதவர், அகற்றக்கூடியவர் என்று பங்குத்தந்தையர் இரண்டு வகையாகவே இருந்தார்கள். ஆன்ம நலனை முன்வைத்து அந்த வேறுபாட்டை எடுத்துவிடச் சொன்னது 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம். அதற்காக இன்று ஆயர் நினைத்தபோது தூக்கிவிடலாம் என்பதில்லை. பங்குத்தந்தையின் பணி பங்குக்குத் தீங்காகவோ பயனற்றதாகவோ ஆகியிருக்க வேண்டும். இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிலிருந்து இரண்டு பங்குத்தந்தையரோடு ஆயர் கலந்து பேச வேண்டும். அதன்பின் காரணத்தைச் சொல்லி, 15 நாளில் தானே விலகும்படி தந்தைக்குரிய பரிவோடு கேட்க வேண்டும் (1740 முதல் 1742 வரை). உதவிப் பங்குத்தந்தைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நியாயமான காரணம் ஒன்றே போதும் (552).

புதியவர் கடிதம் கிடைத்த மறுநாளே ஆலய அலுவலகத்துக்கு வந்து உட்காரவில்லை. பொறுப்பேற்கும் தருணத்தில்தான் அந்தப் பணியைச் செய்யும் கடமை அவருக்குத் தொடங்குகிறது (527). பணியின் தொடக்கத்தில் விசுவாச அறிக்கை செய்தாக வேண்டும் (833). 1989 மார்ச் 1 முதல் அதனோடு பற்றுறுதி வாக்கும் சேர்ந்தது. குருகுல முதல்வர் முன்னிலையில், மக்கள் நிறைந்த திருப்பலியில் அது நடந்தது. அந்த இடைப்பட்ட நாட்களில் நிர்வாகியே பொறுப்பாளர். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஆளுக்கொரு உத்தரவு போடாமல் இருந்தது இதனால்தான்.

அப்புறம் பணிப் பகிர்வு. பங்குத்தந்தை ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டவர். ஆனால் ஆயரின் ஏவலாள் அல்ல, அந்தச் சமூகத்தின் சொந்த மேய்ப்பர் (519). திருமுழுக்கு, சாவு ஆபத்தில் உறுதிபூசுதல், நோயில் பூசுதல், திருமணம், அடக்கச் சடங்கு, ஞாயிறு பாட்டுப்பூசை போன்றவை அவருக்குச் சிறப்பாக ஒப்படைக்கப்பட்டவை (530). சிறப்பாக என்பதால் அவர் மட்டுமே செய்ய வேண்டும் என்றில்லை. எதுவும் விடுபடாமல் பார்க்கும் பொறுப்பு அவருடையது. ஞாயிறுதோறும், திருப்பலிக்கு வருவது கடமையான கடன்திருநாள்தோறும் தன் மக்களுக்காகவே ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்பது அவருடைய சொந்தக் கடமை (534). உதவிப் பங்குத்தந்தை பணியின் எல்லாப் பகுதிகளிலும் துணைநிற்க வேண்டியவர் என்றாலும், மக்களுக்கான அந்தத் திருப்பலி அவர் கடமையில் சேராது. மற்ற விவரங்களை மறைமாவட்ட விதிகளும், ஆயரின் கடிதமும், பங்குத்தந்தையின் ஒப்படைப்பும் சொல்ல வேண்டும் (548).

புதிய பங்குத்தந்தை முதல் வாரத்திலேயே உதவியாளர்கள் இருவரையும் உட்கார வைத்து, யாருக்கு எது என்பதைத் தாளில் எழுதினார். திருமணங்களுக்கான பொது அதிகாரத்தைத் துறவற சபைக் குருவுக்குத் தன் கையெழுத்தில் கொடுத்தார். ஒரு பிரதி மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போனது. இளைஞர் மறைக்கல்வி இளையவரிடம் வந்தது. நோயாளிகளைப் பார்ப்பதை மூவரும் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஓய்வுபெற்றவர் விரும்பிக் கேட்டதால், வார நாட்களில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) அவர் உட்காரும் நேரம் குறிக்கப்பட்டது. தாளின் சுருக்கம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கூரை ஒப்பந்தமும் ஆயரின் அனுமதியோடு அந்த மாதமே கையெழுத்தானது. மனு எழுதிய இரு கூட்டத்தாரையும் அவர் தனித்தனியாகப் பார்த்து, அவர்கள் எழுதியதை வரிக்கு வரி கேட்டுக்கொண்டார். ஆயர் இல்லத்திலிருந்து வந்திருக்க வேண்டிய பதில், ஐந்து மாதம் கழித்து இவர் வழியாகத்தான் அவர்களுக்குக் கிடைத்தது.